அக்கரை இல்லாத படம்

கேள்வி (பாலக்கோடு வாசகர் ஒருவர்): சென்னைக்குப் போயிருந்தபோது கடலைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி ஒன்றைப் பார்த்தேன். இருபது படங்களிலும் பாதி வானம், பாதி தண்ணீர். படகு இல்லை, ஆள் இல்லை. இதில் ரசிக்க என்ன இருக்கிறது? கடல் பழக்கம் இல்லாததால் நமக்குத்தான் புரியவில்லையா?

பதில்: கடல் பழக்கம் இல்லாதவருக்குத்தான் அந்தப் படங்கள் இன்னும் நன்றாகப் புரியும் என்பேன். நான் கிருஷ்ணகிரிக்காரன். மொட்டைமாடியில் ஏறினால் சையத் பாஷா மலை. கே.ஆர்.பி. அணையில் தண்ணீர் எவ்வளவு விரிந்து கிடந்தாலும் அக்கரையில் மலை தெரியும். நம் பக்கத்தில் பார்வை எதிலாவது போய் முட்டித்தான் நிற்கும். பத்தொன்பது வயதில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் முதன்முதலாகக் கடலைப் பார்த்தபோது, என் கண் தன்னால் அக்கரையைத் தேடியது. நம் அணையைத் தாண்டி ஓடும் தென்பெண்ணை கடலூர் அருகேதான் கடலில் சேர்கிறது. அதற்கு அப்புறம் கரையே தெரியாது என்பது மனதில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் அந்தப் படங்கள் பிடித்துவைக்கின்றன.

படகோ ஆளோ இருந்தால் கண் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980-இல் தொடங்கிப் பல நாட்டுக் கடல்களைக் கறுப்பு வெள்ளையில் இப்படியே எடுத்தார். நடுவே அடிவானம், மேலே வானம், கீழே நீர், அவ்வளவுதான். ஒன்றில் அடிவானம் கத்தியால் கீறியது போல இருக்கும். இன்னொன்றில் மூட்டத்தில் கரைந்திருக்கும்.

அந்தக் கோடு லேசில் வந்ததும் அல்ல. 1850-களின் கண்ணாடி நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும்; கடல் சரியாக வந்தால் வானம் வெளுத்துவிடும். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, வானத்துக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ் எடுத்து, அடிவானத்தில் இணைத்து ஒரே படமாக அச்சிட்டார்.

கடலூரில் நான் எடுத்த படத்தைக் கழுவித் தந்த ஸ்டூடியோ அண்ணன், அடிவானத்தில் ஸ்கேல் வைத்து, "கோடு சாஞ்சா கடல் நிக்காது தம்பி" என்றார். அவர் போட்ட பென்சில் கோட்டோடு அந்த பிரிண்ட் இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

சரி, மறுபடி போனால் இருபதையும் சுற்றிவர வேண்டாம். ஒரே படத்தின் முன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். கீழ் ஓரத்துச் சிற்றலைகளில் தொடங்கி மெல்ல மேலே போங்கள். அவை சிறுத்துச் சிறுத்து, அலை என்பது போய் வெறும் கோடாக மாறும் இடம் எது என்று தேடுங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.