முதல்முறையாக சப்வூஃபர் (ஆழ்ந்த தாழ் ஒலிகளுக்கான ஸ்பீக்கர்) பெட்டி செய்கிறேன்: மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா?

மூடிய பெட்டி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. காரணம், தவறுதலாக 11 லிட்டர் சின்னதாகிப்போன என் பெட்டி இன்றும் காட்பாடியில் எங்கள் ஹாலில் பாடிக்கொண்டிருக்கிறது.

டிரைவர், அதாவது பெட்டியில் பொருத்தும் கூம்புள்ள ஸ்பீக்கர், 10 அங்குலம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கு பெட்டி செய்ய உதவாது. அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் இல்லையென்றால் அந்த டிரைவரே வேண்டாம். அதில் மூன்று எண்கள் முக்கியம்: எஃப்எஸ் (டிரைவர் தனியாக இயல்பாக அதிரும் இடம்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பது), விஏஎஸ் (கூம்பின் நெகிழ்ச்சிக்குச் சமமான நெகிழ்ச்சி உள்ள காற்றின் கொள்ளளவு). இப்படி எண்களை வைத்துப் பெட்டியைக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் தொடங்கி வைத்தார்; 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். தீல்-ஸ்மால் அளவுகள் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

என் டிரைவருக்கு எஃப்எஸ் 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் 0.45, விஏஎஸ் 50 லிட்டர். மூடிய பெட்டியில் பொருத்திய பிறகு க்யூ (பெட்டியோடு சேர்த்துப் பார்க்கும் அதே அடக்க அளவு) 0.707 ஆக இருந்தால் ஒலி மேடு பள்ளமின்றி இறங்கும். 0.707ஐ 0.45ஆல் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கி, 1 கழித்தால் ஏறக்குறைய 1.47. ஐம்பதை அதனால் வகுத்தால் 34 லிட்டர். டிரைவரின் பின்பகுதியும் உள்ளே கொடுக்கும் குறுக்குச் சட்டமும் அடைக்கும் இடத்துக்கு 3 லிட்டர் சேர்த்தால் 37. சதுரப் பெட்டி என்றால் ஒவ்வொரு பக்கமும் 33.3 சென்டிமீட்டர்.

இதைத் தாளில் எழுதி சத்துவாச்சாரியில் தெரிந்த தச்சரிடம் கொடுத்தேன். அருமையாகச் செய்திருந்தார், மூலைகளில் ஒரு மயிரிழை கூட இடைவெளி இல்லை. வீட்டுக்கு வந்து உள்ளே டேப் வைத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது: 29.7. நான் சொன்னது உள்ளளவு, அவர் எடுத்தது வெளியளவு. பலகை ஆறு நூல் தடிமன், அதாவது முக்கால் அங்குலம். இரண்டு பக்கமும் அது தின்றுவிட்டது. "அலமாரிக்கும் பீரோவுக்கும் வெளியளவுதானே தருவார்கள், நீங்கள் உள்ளே என்று எழுதவில்லையே தம்பி" என்றார். நியாயம்தான். தாளில் "உள்" என்ற இரண்டெழுத்தைப் பெரிதாக எழுதிவிடுங்கள்.

மிஞ்சிய கொள்ளளவு 23 லிட்டர். மறுபடி கணக்குப் போட்டேன். க்யூ 0.8 ஆகிவிட்டது, பெட்டிக்குள் டிரைவர் இயல்பாக அதிரும் இடம் 44 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு ஏறிவிட்டது. அவ்வளவுதான். 0.8இல் வரும் மேடு காதுக்குப் பிடிபடாத அளவு சிறியது. இதே தவறைத் துளைப் பெட்டியில் செய்திருந்தால், 28 ஹெர்ட்ஸுக்கு வைத்த சுருதி (துளையில் உள்ள காற்று அதிரும் இடம்) 34க்குப் போயிருக்கும். அந்தச் சுருதிக்குக் கீழே உள்ள ஒலிகளுக்கு டிரைவரைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக்குள் காற்றின் அழுத்தமும் இருக்காது; கூம்பு கட்டுக்கடங்காமல் ஆடும். துளைப் பெட்டி கூடுதல் சத்தம் தரும், உண்மை. ஆனால் துளையில் பொருத்தும் குழாயின் நீளம், அகலம், பெட்டியின் கொள்ளளவு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துத் தொங்குபவை. முதல் பெட்டிக்கு அது வேண்டாம்.

மரவேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) போதும். வெட்டிய விளிம்பு ஈரத்தை உறிஞ்சி உப்பும் என்பதால் நீர்த்த ஃபெவிகாலைப் பூசி அடைத்துவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே. உள்ளே திணிக்கத் தலையணைக் கடையில் கிடைக்கும் பாலியஸ்டர் பஞ்சு போதும். இலவம் பஞ்சு வேண்டாம், தூசு பறக்கும். எல்லாம் பொருத்திய பின் கூம்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்தி விடுங்கள்: நிதானமாகத் திரும்பினால் பெட்டி காற்றுப் புகாமல் இருக்கிறது, சட்டென்று துள்ளினால் எங்கோ கசிகிறது.

இனிதான் நான் ஒரு மாதத்தை வீணடித்த கதை. சோபாவில் உட்கார்ந்தால் குறிப்பிட்ட சில ஒலிகள் மட்டும் பானைக்குள் பேசுவது போல் உறுமின. சின்னதாய்ப் போன பெட்டிதான் காரணம் என்று வேறு பெட்டிக்குப் பலகைகூட வாங்கிவிட்டேன். குற்றம் ஹாலுடையது. அகலம் 10 அடி. அந்த அகலத்தில் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தடித்து நிற்கும். சிமெண்டுச் சுவர் அதை உறிஞ்சவும் செய்யாது. கடைசியில் சப்வூஃபரைச் சோபாவிலேயே ஏற்றி வைத்து ஒரே பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து கேட்டேன். சீராகக் கேட்ட இடம் டிவிக்கு இடப்பக்கம், மூலையிலிருந்து மூன்றடி தள்ளி. அங்கே இறக்கி வைத்ததும் உறுமல் அடங்கியது. நான் தவழ்ந்ததைப் பார்த்த அம்மா எதையாவது தொலைத்துவிட்டாயா என்று கேட்டார்.

அதன் பிறகும் ஒரு சலசலப்பு மிச்சமிருந்தது. திருகாணிகளை எல்லாம் கழற்றி மாட்டினேன். பெட்டியில் ஒன்றுமில்லை. சமையலறை அலமாரியில் அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள்.