சொன்னதையே சொல்லும் எழுத்துகள்

அன்புள்ள அண்ணா,

போன கட்டுரையில், ஹெர்பஸ் வகை வைரஸ்களின் டிஎன்ஏவில் ஒரே எழுத்து வரிசை மறுபடி மறுபடி வரும் பகுதிகளை ‘சும்மா கிடக்கும் இடம்’ என்று எழுதியிருந்தீங்க. எங்களுக்கு ராசிபுரம் பக்கம் முட்டைக் கோழிப் (லேயர்) பண்ணை. கோழிக்குக் கட்டியும் கால் வாதமும் கொண்டுவர்ற மேரக்ஸ் நோய்க்கு, குஞ்சுக்குப் பொறிப்பகத்திலேயே ஊசி போட்டுத்தான் தருவாங்க. அந்த வைரஸும் ஹெர்பஸ் வகைதான் என்றார் டாக்டர். சும்மா கிடக்கிறதை வைரஸ் எதுக்குங்க சுமக்கோணும்? ஒரு கைத் தீனி மிச்சமாப் போனாலே கணக்குப் பார்க்கிறவங்க நாங்க.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தீனிக் கணக்கை வைத்து என்னை மடக்கிவிட்டீர்கள். அந்த வரி தப்பு.

உங்கள் கோழியின் செல்லுக்குள் டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோம்களின் நுனிகளில் டிடிஏஜிஜிஜி என்ற ஆறு வேதி எழுத்து, ஆயிரக்கணக்கான முறை வரும். மனிதனுக்கும் அதேதான். பவானி ஜமக்காளத்தின் ஓர நூலை முறுக்கி முடிச்சுப் போடுவார்களே, அப்படி நுனி பிரியாமல் காப்பது இந்தப் பகுதி. முடிச்சைப் பிடித்திருப்பவை செல்லின் சொந்தப் புரதங்களான டிஆர்எஃப்1, டிஆர்எஃப்2. மேரக்ஸ் வைரஸ் தன் டிஎன்ஏவின் நுனிகளிலும் இதே ஆறெழுத்தை அடுக்கி வைத்திருக்கிறது. எழுத்து ஒன்றாக இருந்தால், அது யார் வீட்டு நூல் என்று அந்தப் புரதங்கள் விசாரிப்பதில்லை.

ஒரு முறை எழுதினால் போதாதா என்பீர்கள். எங்கள் அப்பாரு கிளுவை வேலியைத் தாண்டும்போது வேட்டி ஒரு முள்ளில் மாட்டினால் உதறிவிட்டுப் போய்விடுவார். இருபது முள்ளில் மாட்டினால் நின்றே ஆக வேண்டும். ஒன்றை எடுப்பதற்குள் இன்னொன்று பிடித்துக்கொள்ளும். புரதமும் டிஎன்ஏவைப் பிடிக்கும், விடும். இடங்கள் வரிசையாக இருந்தால் ஒன்று விட்டாலும் பக்கத்தில் இன்னொன்று பிடித்தபடியே இருக்கும்.

இந்த வரிசை இருப்பதால்தான் மேரக்ஸ் வைரஸ் கோழியின் குரோமோசோம் நுனிக்குள்ளேயே தன் டிஎன்ஏவை எளிதாகச் செருகிக்கொள்ள முடிகிறது. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த ஆறெழுத்து அடுக்கை நீக்கிப் பார்த்தார்கள். வைரஸ் வழக்கம்போலப் பெருகியது. நுனியில் போய் ஒட்டுவதும் கோழிக்குக் கட்டி வருவதும் வெகுவாகக் குறைந்துவிட்டன. சும்மா கிடக்கும் இடம் செய்கிற வேலையா இது? மனிதர்களுக்கு வரும் ஹெர்பஸ்-6 வைரஸும் இதே தந்திரக்காரன்தான். சுமார் 1 சதவீதம் பேர் அதைக் குரோமோசோம் நுனியிலேயே சுமந்து பிறக்கிறார்கள்.

மனிதர்களுக்கு வரும் இன்னொரு ஹெர்பஸ் வகையான எப்ஸ்டீன்-பார் வைரஸ் வேறு ரகம். அது பெரும்பாலும் தனி வளையமாகவே செல்லுக்குள் தங்கும். அதில் 30 எழுத்து வரிசை ஒன்று ஏறத்தாழ 20 முறை வருகிறது. அதைப் பிடிப்பது வைரஸின் சொந்தப் புரதமான ஈபிஎன்ஏ1. செல் பிரியும்போது வளையத்தைக் குரோமோசோமோடு கட்டிவைப்பது அதுதான். ஆனால் சற்றுத் தள்ளி, டிடிஏஜிஜிஜிடிடிஏ என்ற ஒன்பதெழுத்து மூன்று இடத்தில் இருக்கிறது. அங்கே வந்து உட்காருவது யார் தெரியுமா? நம் செல்லின் டிஆர்எஃப்2! வைரஸ் டிஎன்ஏவைப் படியெடுப்பது தொடங்கும் ஓர் இடமும் அதுவே. சொந்த ஆளையும் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆளையும் வேலைக்கு இழுக்கிற சாமர்த்தியத்தை, எரிச்சலோடுதான் என்றாலும், ரசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

உங்கள் பண்ணைக்கு ஒரு வார்த்தை. அந்த ஊசி கட்டியையும் கால் வாதத்தையும் தடுக்குமே தவிர, வைரஸ் உள்ளே நுழைவதைத் தடுக்காது. ஊசி போட்ட கோழியின் இறகு முளைக்கும் குழிகளிலிருந்தும் அது தூசியோடு உதிரும். அந்தத் தூசி மாதக்கணக்கில் வீரியத்தோடு இருக்கும். புதுக் குஞ்சு இறக்கும் முன் கொட்டகையின் கூரைச் சட்டங்களையும் கூட்டிக் கழுவச் சொல்லுங்கள்.