யார்டு கணக்குல அடங்குற ஆளா ஜானி யுனைட்டஸ்?

கேள்வி: நான் அமெரிக்கன் ஃபுட்பால் விடாம பாக்குறவன். 2002-ல செத்துப்போன ஜானி யுனைட்டஸை பால்டிமோர் ரசிகர்கள் இன்னும் தலையில தூக்கி வச்சு கொண்டாடுறாங்க. அவர் எறிஞ்சது மொத்தம் 40,239 யார்டு, இந்தக் காலத்து ஆட்டக்காரர் டாம் பிரேடி எறிஞ்சது 89,214. டச்டவுன், அதாவது எதிரணி கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டு சேர்த்த பாஸ், 290 சரி, ஆனா எதிரணி கையில போய் விழுந்த பாஸ் 253. இன்னைக்கு ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்) இப்படி ஆடினா டீம்லயே வச்சிருக்க மாட்டாங்க. வயசானவங்களோட பழைய நினைப்பு, அவ்வளவுதானே?

பதில்: இல்லைங்க, அவ்வளவுதான் இல்லை. நீங்க குடுத்த நம்பர் எல்லாம் சரி, ஆனா அந்த நம்பர் எந்தக் காலத்துல வந்ததுன்னு பாக்காம விட்டுட்டீங்க. யுனைட்டஸ் 1956-ல NFL லீக்ல ஆட வந்தப்ப ஒரு சீசனுக்கு 12 மேட்ச்தான், இன்னைக்கு 17. பாஸைப் பிடிக்கிற ரிசீவர் ஓடுற வழி பூரா டிஃபெண்டர் அவரை இடிச்சுத் தள்ளிக்கிட்டே போகலாம், அஞ்சு யார்டு தாண்டினா கை வைக்கக்கூடாதுங்கற ரூல் 1978-லதான் வந்துச்சு, அதுக்குள்ள இவர் ரிட்டயர் ஆகி நாலஞ்சு வருஷம் ஆகிடுச்சு. ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோ வச்சு கோச் அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றது 1994-ல வந்தது, இவர் காலத்துல களத்துல நின்னு எதிரணி எப்படி நிக்குதுன்னு பாத்து அடுத்த பிளேயை இவரேதான் முடிவு பண்ணணும். அப்படி ஒரு காலத்துல 1956-லருந்து 1960 வரைக்கும் தொடர்ந்து 47 மேட்ச்ல குறைஞ்சது ஒரு டச்டவுன் பாஸாவது போட்டார். அதை முறியடிக்க 2012-ல ட்ரூ பிரீஸ்ங்கற குவாட்டர்பேக் வரவேண்டியிருந்துச்சு, 52 வருஷம். நம்பர்தான் பேசணும்னா இதையும் சேர்த்துப் பேசுங்க.

ஆனா பால்டிமோர்காரங்க அவரைக் கொண்டாடுறது நம்பருக்காக இல்லைன்னு நான் உறுதியா நம்புறேன். 1955-ல பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் ஒன்பதாவது ரவுண்டுல எடுத்துட்டு, சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. பிறந்த ஊர் டீமே அது. அப்புறம் பகல்ல கட்டட வேலை, வாரக் கடைசியில ப்ளூம்ஃபீல்ட் ராம்ஸ்னு ஒரு லோக்கல் டீம்ல மேட்ச்சுக்கு 6 டாலர். அங்கருந்துதான் பால்டிமோரோட கோல்ட்ஸ் டீம் கூப்பிட்டுச்சு. பால்டிமோர் அப்ப உருக்கு ஆலை, துறைமுகம்னு உடம்பால உழைக்கிறவங்க ஊரு, பக்கத்துல ஒரு பக்கம் வாஷிங்டன், இன்னொரு பக்கம் நியூயார்க், ரெண்டு பேருமே இவங்களை ஒரு பொருட்டா மதிச்சதில்லை. அந்த ஊருக்கு, வேண்டாம்னு தள்ளப்பட்ட ஒருத்தன் வந்து ஆடுறதைப் பாத்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1958 டிசம்பர் 28, யாங்கி ஸ்டேடியம், சாம்பியன்ஷிப் மேட்ச், எதிர்ல நியூயார்க் ஜயண்ட்ஸ். அந்த சீசன்லயே விலா எலும்பு ஒடிஞ்சு நுரையீரல்ல குத்தி, உடம்புல கவசம் கட்டிக்கிட்டு திரும்பி வந்தவர் இவர். ஸ்கோர் 17-14, கோல்ட்ஸ் பின்னாடி, ரெண்டு நிமிஷம் கூட பாக்கி இல்லை, பந்து தங்களோட கோல் கோட்டுலருந்து 14-வது யார்டுலயே கிடக்கு. ரிசீவர் ரேமண்ட் பெர்ரிக்கு வரிசையா மூணு பாஸ், 25, 15, 22 யார்டு. எல்லாருக்கும் தெரியும் பந்து பெர்ரிக்குத்தான் போகப்போகுதுன்னு, ஆனா தடுக்க முடியலை, ஏன்னா பிராக்டீஸ் முடிஞ்சு மத்தவங்க குளிச்சுட்டு வீட்டுக்குப் போன பிறகும் இவங்க ரெண்டு பேரும் அதே ஓட்டம் அதே பாஸ்னு திரும்பத் திரும்ப செஞ்சு பழகினவங்க. 7 செகண்ட் இருக்கும்போது ஃபீல்டு கோல் (பந்தை உதைச்சு கம்பங்களுக்கு நடுவுல அனுப்பி எடுக்கிற 3 பாயிண்ட்), 17-17. ஓவர்டைம்ல முதல்ல பாயிண்ட் எடுக்கிறவங்களுக்குத்தான் ஜெயம், இவங்க போனது 80 யார்டு, 13 பிளே. கிட்ட வந்தாச்சு, ஃபீல்டு கோல் உதைச்சாலே கப்பு கையில, ஆனா மனுஷன் அங்கயும் பாஸ் போட்டார், டீம்ல கூட ஆடின மட்ஷெல்லர் கோல் கோட்டுக்கு ஒரு யார்டுகிட்ட பிடிச்சு விழுந்தார், அடுத்த பிளேல இன்னொரு ஆட்டக்காரர் அமீச்சி பந்தோட உள்ள பாய்ஞ்சார், 23-17. அந்தத் துணிச்சலை எந்த யார்டு கணக்குல எழுதுவீங்க?

அடுத்தது 1984. மார்ச் மாசம் ஒரு ராத்திரியில முதலாளி மேஃப்ளவர் லாரியில சாமானெல்லாம் ஏத்திக்கிட்டு டீமை இண்டியானாபொலிஸுக்குக் கொண்டு போயிட்டார். கோல்ட்ஸ்ங்கற பேரு, லோகோ, ரெக்கார்டு எல்லாம் லாரியோட போச்சு. யுனைட்டஸ் போகலை. அந்த டீமுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைன்னு வெளிப்படையா சொன்னார், பெரிய ஆட்டக்காரங்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துல தன்னை பால்டிமோர் கோல்ட்ஸ்காரன்னு போடுங்க, இல்லைன்னா என் பொருளை எடுத்துடுங்கன்னு கேட்டார். NFL டீமே இல்லாம ஊரு 12 வருஷம் இருந்துச்சு, கோல்ட்ஸ் பேண்டு வாத்தியக்காரங்க மட்டும் கலையாம வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க, 1996-ல ரேவன்ஸ் டீம் வந்தப்ப அதே பேண்டுதான் அவங்களுக்கும் ஆச்சு. எல்லாத்தையும் பறிகொடுத்த ஊருக்கு மிச்சம் நின்ன ஆளு யுனைட்டஸ். இன்னைக்கும் ஸ்டேடியம் வாசல்ல அவர் சிலையோட ஷூவைத் தொட்டுட்டு உள்ள போறாங்கன்னா காரணம் இதுதான், இதைப் பழைய நினைப்புன்னு ஒதுக்கினா எனக்கு வருத்தமா இருக்கு.

உண்மையிலேயே கேட்கவேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை நீங்களும் கேட்கலை, அவரைக் கொண்டாடுற பல பேரும் கேட்கிறதில்லை: இந்த ஆட்டம் அவர் உடம்பை என்ன பண்ணுச்சு, லீக் அவருக்கு என்ன செஞ்சது? 1968-ல முழங்கையில பட்ட அடி. வயசானப்ப அந்த வலது கை விரல் மடங்கவே மாட்டேன்னுடுச்சு. கோல்ஃப் ஆடணும்னா இடது கையால வலது கை விரல் ஒவ்வொண்ணையும் மட்டையைச் சுத்தி மடக்கி வச்சு, வெல்க்ரோ பட்டையால இறுக்கிக் கட்டிக்கணும். ரெண்டு முழங்காலும் மாத்தியாச்சு. லீக்கிட்ட ஊன உதவித்தொகை கேட்டார், மறுத்துட்டாங்க. டிவியில இந்த ஆட்டத்தை அமெரிக்கா முழுக்கக் கொண்டு சேர்த்த கை அது, அந்த லீக் இன்னைக்குக் கோடிகோடியா சம்பாதிக்குது. 2002 செப்டம்பர் 11-ல 69 வயசுல உடற்பயிற்சி செய்யும்போது மாரடைப்புல போயிட்டார். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் குவாட்டர்பேக் பெய்ட்டன் மேனிங் அவர் நினைவா, அவர் போட்ட மாதிரி உயரமான கறுப்பு ஷூ போட்டு ஆடலாமான்னு கேட்டதுக்கு 25,000 டாலர் அபராதம்னு லீக் மிரட்டுச்சு. ரேவன்ஸ் குவாட்டர்பேக் கிறிஸ் ரெட்மன், யுனைட்டஸ் படிச்ச லூயிவில் யுனிவர்சிட்டியிலயே படிச்சவர், அனுமதி கேட்காம போட்டுக்கிட்டு வந்தார், 5,000 டாலர் கட்ட வச்சாங்க.

அதனால பிரேடியா யுனைட்டஸாங்கற பட்டிமன்றம் எனக்கு வேண்டாம், பிரேடி பெரிய ஆட்டக்காரர்தான், மறுக்கலை. பால்டிமோர்ல அந்த 1958 மேட்சைப் பாத்த பெரியவர் யாராவது பேசினா, யார்டு கணக்கை எடுத்து நீட்டாம கொஞ்ச நேரம் கேளுங்க. அவங்களும் குறைஞ்சுக்கிட்டே வராங்க.