ஒரு சொல்லின் பொருளை உளவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

இங்கே அளப்பது ஒரு சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் உணர்வுச் சாயலை. அமெரிக்க உளவியலாளர் சார்லஸ் ஆஸ்குட் 1950களில் வகுத்த வழி இது: நல்லது–கெட்டது, வலியது–மெலியது, வேகமானது–மந்தமானது போன்ற எதிர்ச்சொற்களுக்கு நடுவே 7 கட்டங்கள். சொல்லுக்குப் பொருந்தும் கட்டத்தில் குறி போட வேண்டும். பல இணைகளைக் கொடுத்துப் பார்த்ததில், பதில்கள் பெரும்பாலும் மதிப்பு, வலிமை, இயக்கம் என்ற மூன்றுக்குள் அடங்கின.

மலேசியாவின் ரப்பர் தோட்டப் பகுதியான சுங்கை சிப்புட் பக்கம் 'துரை' (தோட்ட நிர்வாகி) என்று சொல்லிப் பாருங்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பாட்டி வலிமையில் உச்சத்தில் வைப்பார். 'நல்லது' பக்கம் வைப்பாரா என்பது அவர் பார்த்த துரையைப் பொறுத்தது! பேரனுக்கோ அது வெறும் ஆள் பெயர். அவரவர் அனுபவம்தான் காரணம்.

இரண்டு சொற்கள் இந்தக் கட்டங்களில் ஒரே இடங்களைப் பெற்றால் அவற்றின் அகராதிப் பொருளும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம்; சாயல் மட்டும்தான் ஒன்று.