மெடிக்கல் கருவி விற்பனை வேலைக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டுமா?

காரிமங்கலம் பக்கமிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகன் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். மருத்துவமனைகளுக்குக் கருவிகள் விற்கும் கம்பெனியில் சேர வேண்டும் என்று ஆசை. பெங்களூரில் ஒரு பயிற்சி நிறுவனம் மூன்று மாதப் படிப்புக்கு 65,000 ரூபாய் கேட்கிறது. சான்றிதழ் கையில் வந்தால் நூறு சதவீதம் வேலை என்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் கட்டினால் பத்தாயிரம் தள்ளுபடி. நகையை அடகு வைத்துக் கட்டலாமா?

அம்மா, நகையை வைக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம்.

நம் நாட்டில் மருத்துவக் கருவி விற்பனைப் பிரதிநிதியாக வேலை பார்க்க எந்தத் தனியார் சான்றிதழும் சட்டப்படி தேவையில்லை. கருவிகளைக் கட்டுப்படுத்துவது 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகள். 2022-இல் அதில் ஒரு திருத்தம் வந்தது. மருந்து விற்பனை உரிமம் இல்லாமல் கருவிகளை மட்டும் இருப்பு வைத்து விற்பவர்கள் எம்.டி.-42 என்ற பதிவுச் சான்று வாங்க வேண்டும். அதற்கு அந்தக் கடையில் தகுதியுள்ள தொழில்நுட்ப ஊழியர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தத் தகுதி என்ன தெரியுமா? அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தின் பட்டம், அல்லது பதிவு பெற்ற மருந்தாளுநராக இருத்தல், அதுவும் இல்லையென்றால் பிளஸ் டூவுடன் கருவி விற்பனையில் ஓராண்டு அனுபவம். பட்டம் என்ற இடத்தில் உங்கள் மகன் ஏற்கெனவே நிற்கிறான். நீங்கள் கஷ்டப்பட்டுப் படிக்க வைத்த பி.எஸ்சி.தான் அது. 65,000 ரூபாய் தாளுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அப்படியானால் டீலரோ கம்பெனி மேனேஜரோ ஆளெடுக்கும்போது எதைப் பார்க்கிறார்கள்? ஓர் உதாரணம் சொல்கிறேன். ஐ.சி.யூ.வில் மருந்தைத் துளித்துளியாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் என்று ஒரு கருவி உண்டு. இரண்டு மணி நேரம் ஓட வேண்டிய மருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடுகிறது என்று சிஸ்டர் புகார் சொல்கிறார். விவரம் தெரியாத ரெப் மெஷின் ரிப்பேர் என்று சர்வீஸுக்கு எழுதி அனுப்புவார். விவரம் தெரிந்தவர் முதலில் திரையில் எந்தக் கம்பெனி சிரிஞ்ச் தேர்வாகியிருக்கிறது என்று பார்ப்பார். பம்புக்குத் தெரிந்ததெல்லாம் பிஸ்டனை எவ்வளவு தூரம் தள்ளுகிறோம் என்பதுதான். எத்தனை மில்லி போகிறது என்பதை அது சிரிஞ்சின் உள்விட்டத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஒரே 50 மில்லி சிரிஞ்சானாலும் கம்பெனிக்குக் கம்பெனி விட்டம் கொஞ்சம் மாறும். உள்ளே மாட்டியிருப்பது அகலமான சிரிஞ்ச், திரையில் இருப்பது வேறு பெயர் என்றால் மருந்து கூடுதலாகப் போகும். நோயாளியின் உயிரோடு விளையாடுகிற விஷயம் இது. இதை அந்த சிஸ்டருக்குப் பொறுமையாக, அவர் மனம் கோணாமல் சொல்லிக் காட்டுகிற பையனைத்தான் டீலர் தேடுகிறார்.

இந்த அறிவுக்கு விலை இல்லை. பெரும்பாலான கருவிகளின் பயனர் கையேடு இணையத்திலேயே கிடைக்கிறது. பேஷண்ட் மானிட்டர், ஈ.சி.ஜி., இதயத் துடிப்பைச் சீராக்க மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், சிரிஞ்ச் பம்ப் என்று ஐந்து கருவிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் கையேட்டையும் தம்பி வரிக்கு வரி படிக்கட்டும். எந்த அலாரம் எதற்கு அடிக்கும், எந்த பாகம் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போட வேண்டியது, எதைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம் என்று தமிழில் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். நுண்ணுயிரியல் படித்தவன் என்பதால் கிருமிநீக்கம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆட்டோகிளேவையும் லேப் கருவிகளையும் விற்கப் போனால் பொறியியல் படித்தவனைவிட அவன் தெளிவாகப் பேச முடியும். இன்டர்வியூவில் அதைத்தான் முன்னே வைக்க வேண்டும்.

கூடவே சந்தை விவரமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். இதய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியிலும், முழங்கால் மாற்று இம்ப்ளான்டுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட்டிலும் அரசு உச்ச விலை வைத்தது. கருவி விற்பனைக்கான நெறிமுறை 2024-இல் வந்தது, டாக்டருக்குப் பரிசுப் பொருள் கொடுப்பதெல்லாம் அதன்படி கூடாது. இதெல்லாம் தெரிந்த புதியவனை மேனேஜர் நிமிர்ந்து பார்ப்பார்.

நம் ஊர் நிலவரத்துக்கு வருகிறேன். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே போய் நேரடியாக விற்றுவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அரசு மருத்துவமனைகளின் பெரிய கொள்முதல் சென்னையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வழியாக டெண்டரில் நடக்கிறது. மாவட்டத்தில் இருக்கும் ரெப்புக்கு அங்கே கிடைப்பது பெரும்பாலும் கருவியைப் பொருத்தும் வேலை, டெமோ, சர்வீஸ் பின்தொடர்தல். விற்பனை என்று பார்த்தால் தனியார் நர்சிங் ஹோம், லேப், டயாலிசிஸ் மையம், ஓசூர் மருத்துவமனைகள். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வேலையில் பாதி கலெக்‌ஷன். பொருளைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்காக மூன்றாம் முறை, நான்காம் முறை போய் ரிசப்ஷனில் உட்கார வேண்டும். அந்தப் பொறுமை மகனுக்கு உண்டா என்று உங்களுக்குத்தான் தெரியும். எந்தச் சான்றிதழும் அதைச் சொல்லித் தராது.

கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வேலை தேடினால் நம் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் அங்கே நிறையப் பேர். ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர்தான். கருவித் துறையின் பெரிய கம்பெனிகள் பல அங்கே இருக்கின்றன. எல்லையின் இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஆள் டீலருக்குப் பெரிய லாபம். உங்கள் மகனுக்குத் தெலுங்கோ கன்னடமோ பேச வரும் என்றால் அது பயோடேட்டாவின் கடைசி வரியில் ஒளிந்திருக்கக் கூடாது.

பணம் கட்டிப் படிப்பதே வீண் என்று சொல்ல வரவில்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சைப் பிரிவு) டெக்னீஷியன், பயோமெடிக்கல் டிப்ளமோ போன்ற முறையான படிப்பு முடித்தவர்களைக் கம்பெனிகள் கருவியைச் செய்து காட்டும் நிபுணர் வேலைக்கு விரும்பி எடுக்கின்றன. அவை மருத்துவமனையில் நின்று கற்ற படிப்புகள். தரக் கட்டுப்பாடு, உரிமம் வாங்கும் பிரிவு போன்ற அலுவலக வேலைக்குப் போக நினைப்பவருக்கு மருத்துவக் கருவித் தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 13485 பயிற்சி உதவும். சும்மா அடிப்படை தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஐ.ஐ.டி.கள் நடத்தும் இணைய வகுப்பான என்.பி.டி.இ.எல்.-இல் பாடம் இலவசம், தேர்வு எழுத மட்டும் 1,000 ரூபாய். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்திலும் இலவசப் பயிற்சிகள் உண்டு. விற்பனைக்குப் போகிற புதியவனுக்குத் தன் தயாரிப்பு பற்றிய பயிற்சியைக் கம்பெனியே வேலையில் சேர்த்த பிறகு கொடுக்கிறது, அதுவும் சம்பளத்தோடு.

இவ்வளவு சொல்லியும் மகன் பிடிவாதம் பிடித்தால், அந்த நிறுவனத்துக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். போன முறை படித்தவர்கள் எந்தக் கம்பெனியில் இருக்கிறார்கள், அவர்களில் இரண்டு பேரோடு பேச வைப்பீர்களா என்று கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்பத் தருவோம் என்று கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்றும் கேளுங்கள். வேலை வாங்கித் தருவது வேறு, வேலை தேட உதவுவது வேறு. விளம்பரத்தில் முதலாவது இருக்கும், ரசீதில் இரண்டாவதுதான் இருக்கும். அரசு அங்கீகாரம் என்று காட்டும் தாளையும் நன்றாகப் பாருங்கள். உத்யம் பதிவு என்றால் அது யாரும் எடுக்கக்கூடிய சிறுதொழில் பதிவு, படிப்புக்கான அங்கீகாரம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கெடு வைத்து அவசரப்படுத்துவதே எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல படிப்பு திங்கட்கிழமையும் இருக்கும்.

வேலைக்குச் சேரும்போது டெபாசிட் கேட்கும் டீலரிடமும் போக வேண்டாம். வேலை நியமன ஆர்டர் எழுத்தில் வேண்டும். அதில் நிரந்தரச் சம்பளம் எவ்வளவு, பெட்ரோல் அலவன்ஸ் எவ்வளவு, டார்கெட் தொடாத மாதம் என்ன ஆகும் என்று இருக்க வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் டூவீலர் லைசென்ஸ் எடுக்கட்டும், அது இல்லாமல் இந்த வேலை இல்லை. எக்செலில் கொட்டேஷன் போடத் தெரிந்துகொள்ளட்டும். தர்மபுரி மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தில் பதிவு செய்து, அங்கே நடக்கும் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போகட்டும். தமிழக அரசின் தனியார் வேலை இணையதளத்திலும் பெயரைப் பதியட்டும், கட்டணம் கிடையாது. தர்மபுரியிலோ காரிமங்கலத்திலோ ஒரு நர்சிங் ஹோமில் தெரிந்தவர் மூலம் பேசி, சில வாரம் ஸ்டோரிலோ லேபிலோ கூடமாட நிற்க அனுமதி கேட்கட்டும். எந்த டீலர் பொருள் தருகிறார், யார் கூப்பிட்டால் உடனே வருகிறார் என்பது அங்கேதான் தெரியும். அந்த டீலர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, சேலத்துக்கும் ஓசூருக்கும் நேரில் போய் பயோடேட்டாவைக் கொடுக்கட்டும். மெயிலில் அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம். காலை பத்து மணிக்குள் போனால் ரெப்கள் ஃபீல்டுக்குக் கிளம்பும் முன் மேனேஜர் அங்கேயே இருப்பார். கையில் அந்த ஐந்து கருவிகளைப் பற்றி எழுதிய நோட்டும் இருக்கட்டும், கேட்டால் எடுத்துக் காட்டலாம்.