‘ரீ:’ போட்டால் பதில் ஆகிவிடுமா?

கணினி: வாசகர் கேள்வி – பதில்

வேண்டாத மெயில்களை (ஸ்பேம்) பற்றி இந்த மாதம் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து சில.

கேள்வி: நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ‘ரீ: நீங்கள் கேட்ட இன்வாய்ஸ்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மெயில். என் மறதிதானோ என்று திறந்துவிட்டேன். கேட்காமலே பதில் எப்படி வரும்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: வந்தது பதில் அல்ல, பதில் வேஷம். ‘ரீ:’ என்பது சப்ஜெக்ட் கட்டத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய வெறும் எழுத்து. நாம் ‘ரிப்ளை’ அழுத்தினால் மென்பொருள் அதைத் தானாகச் சேர்க்கிறது. ஸ்பேம் அனுப்புகிறவர் கையால் சேர்த்துக்கொள்கிறார். ‘ஃபார்வர்டு’ குறியும் அப்படியே.

ஃபோனில் இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு மெயிலுக்கு மூன்று விஷயங்கள்தான் கண்ணில் படும்: அனுப்பியவர் பெயர், சப்ஜெக்ட், உள்ளே இருக்கும் முதல் சில சொற்கள். மூன்றையும் எழுதுவது அனுப்புகிறவர்தான். அந்த முதல் சில சொற்களைக்கூட வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மெயிலின் தலையில் ஒளித்து வைப்பார்கள். இன்பாக்ஸ் பட்டியலில் ‘நேற்று பேசியபடி இணைத்திருக்கிறேன்’ என்று தெரியும். திறந்தால் அந்த வரியே இருக்காது. ‘நேற்று யாரிடம் பேசினோம்?’ என்று நம்மை யோசிக்க வைப்பதற்குத்தான் அது. பேராசைக்காரர்கள்தான் இதில் விழுவார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்த மெயிலுக்கும் ஒழுங்காகப் பதில் போடுகிற ஆள்தான் இந்த வகைக்கு முதலில் மாட்டுவார்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். அந்த மெயிலுக்கு மேலே நீங்கள் எழுதிய பழைய மெயில் அடுக்காக நிற்கிறதா? இல்லையென்றால் ‘சென்ட்’ பெட்டியில் அந்த முகவரியைத் தேடுங்கள். அங்கேயும் ஒன்றும் இல்லையென்றால் நீங்கள் எதையும் மறக்கவில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. எமோடெட் என்ற தீநிரல், தான் புகுந்த கணினியில் இருக்கும் மெயில்களைத் திருடி, நடந்துகொண்டிருந்த உண்மையான உரையாடலுக்கே பதில் போட்டது. மேலே நீங்கள் எழுதிய வரிகள் இருக்கும், பெயரும் தெரிந்த பெயராக இருக்கும். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின, அதே ஆண்டு நவம்பரில் திரும்பவும் தலையெடுத்தது. ஆகவே தெரிந்தவரின் பழைய உரையாடலில் திடீரென ஒரு ஜிப் கோப்போ, ‘மேக்ரோவை (கோப்புக்குள் ஒளிந்திருக்கும் சிறு நிரலை) இயக்கு’ என்று கேட்கும் வேர்டு கோப்போ வந்தால், மெயிலில் பதில் கேட்காமல் ஃபோனில் அழைத்துக் கேளுங்கள்.

கேள்வி: அனுப்பியவர் இடத்தில் என் வங்கியின் பெயரே இருக்கிறது. வங்கி அனுப்பாமல் அந்தப் பெயர் எப்படி வரும்? – வாசகி, கோவை

பதில்: தபால் உறையின் பின்பக்கத்தில் ‘அனுப்புநர்: மாவட்ட ஆட்சியர்’ என்று நாமே எழுதினால் தபால்காரர் சரிபார்ப்பாரா? மெயிலும் அப்படித்தான் பிறந்தது. பெயர் ஒரு கட்டம், முகவரி இன்னொரு கட்டம். ஃபோன் செயலி பெயரை மட்டும் காட்டி முகவரியை மறைத்துவிடுகிறது. பெயரின் மேல் ஒருமுறை தட்டுங்கள், முகவரி விரியும். அதில் ‘அட்’ குறிக்குப் பின்னால் வருவதை (டொமைன்) மட்டும், வலமிருந்து இடமாகப் படியுங்கள்.

ஏன் வலமிருந்து? டொமைனுக்குச் சொந்தக்காரர் வலது கோடியில்தான் இருக்கிறார். கடைசித் துண்டு ‘காம்’ என்றால் அதற்கு முந்தைய ஒரு துண்டையும், ‘கோ டாட் இன்’, ‘கவ் டாட் இன்’ என்றால் அவற்றுக்கு முந்தைய துண்டையும் பாருங்கள். அதற்கும் இடப்பக்கம் வங்கி பெயர், ‘செக்யூர்’, ‘கேஒய்சி’ என்று எத்தனை இருந்தாலும் அவை வாடகைக்காரர்கள், வீட்டுக்காரர் அல்ல. புள்ளி வரவேண்டிய இடத்தில் நடுக்கோடு போட்டு ‘கவ்-இன்’ என்று எழுதியிருப்பதும், ஆங்கில ‘ஆர்’, ‘என்’ இரண்டையும் ஒட்டி ‘எம்’ போலக் காட்டுவதும் வழக்கமான கைவரிசை. சின்ன எழுத்தில் படித்தால் நல்ல கண்ணுக்கும் தப்பிவிடும்.

முகவரியையே முழுதாகப் பொய்யாகப் போடவும் முடியும். அதைப் பிடிக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று சோதனைகள் இருக்கின்றன. கணினி உலாவியில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி, ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தால் மேலே ஒரு சிறு அட்டவணை வரும். வங்கியின் டொமைனில் வந்ததாகச் சொல்லும் மெயிலில் டிமார்க் எதிரே ‘ஃபெயில்’ இருந்தால் அதை நம்பாதீர்கள். ஆனால் ‘பாஸ்’ இருந்தால் உடனே நம்பிவிடவும் கூடாது. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ‘பாஸ்’ என்றால் அந்த டொமைன்காரர்தான் அனுப்பினார் என்று பொருள், அவர் யோக்கியர் என்று பொருள் அல்ல. நேற்று காசு கொடுத்து வாங்கிய திருட்டு டொமைனும் மூன்று சோதனையிலும் அழகாகத் தேறும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்கள் இந்த மூன்றையும் வைத்தே தீரவேண்டும் என்று கூகுள் விதித்தபிறகு, திருடர்களும் ஒழுங்காக வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள்.

கேள்வி: மெயிலைத் திறந்தாலே வைரஸ் வந்துவிடும் என்கிறார் அலுவலக நண்பர். உண்மையா? – வாசகர், சிவகாசி

பதில்: அவர் பயம் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்த மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ‘ஐ லவ் யூ’ மெயிலில் சப்ஜெக்ட்டே அந்த மூன்று சொல்தான். அதற்கு மேல் என்ன தூண்டில் வேண்டும்? அதுவும் நம் முகவரிப் புத்தகத்தில் இருக்கும் ஆளின் பெயரில் வந்தது. ஆனால் திறந்ததால் கெடவில்லை, இணைப்பை அழுத்தியதால்தான் கெட்டது. இணைப்பின் முழுப்பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்’. கோப்பின் கடைசி நீட்சியை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் இயல்பு என்பதால் ‘விபிஎஸ்’ மறைந்து ‘டிஎக்ஸ்டி’ மட்டும் நின்றது. வெறும் எழுத்துக் கோப்புதானே என்று அழுத்தினார்கள். ஓடியது நிரல். முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பியது, படக் கோப்புகளை அழித்தது. அந்த மறைப்பு இன்றும் விண்டோஸில் இயல்பாக இருக்கிறது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள்.

இன்றைக்கு மெயிலைத் திறப்பதால் வரும் நஷ்டம் பெரும்பாலும் வேறு: திறந்தீர்கள் என்ற செய்தி அவர்களுக்குப் போகிறது. மெயிலுக்குள் ஒரு பிக்சல் அகலம், ஒரு பிக்சல் உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்று இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி எண் கொண்ட படம். அது அவர்கள் சர்வரிலிருந்து இறங்கும்போது ‘இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்’ என்று பதிவாகிறது. உயிருள்ள முகவரிக்கு விலை அதிகம், அடுத்த மாதம் ஸ்பேம் பெருகும். 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் படங்களைத் தன் சர்வர் வழியாகவே தருவதால் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்) போகாது, ஆனால் திறந்த செய்தி போகும். அதையும் நிறுத்த வேண்டுமானால், கணினியில் ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘இமேஜஸ்’ எதிரே, வெளிப்படங்களைக் காட்டுமுன் கேட்கச் சொல்லும் வரியைத் தேர்ந்து, பக்கத்தின் அடியில் ‘சேவ்’ அழுத்துங்கள். அந்தக் கடைசி அழுத்தலை மறப்பவர்கள்தான் ‘வேலை செய்யவில்லை’ என்று எழுதுகிறார்கள்.

உங்கள் நண்பருக்காக ஒன்று: 2023 மார்ச்சில், விண்டோஸில் ஓடும் அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டது. நினைவூட்டல் ஒலிக்கு வெளி சர்வரில் இருக்கும் கோப்பைச் சுட்டும் ஒரு மெயில் வந்து சேர்ந்தாலே, திறக்காமலே, கடவுச்சொல்லின் குறியாக்க வடிவம் கசியும். அபூர்வம்தான். ஆனாலும் ‘அப்டேட்’ கேட்கும்போது ‘பிறகு’ என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆங்கிலத்தை மட்டும் ஏன் இப்படிக் கொலை செய்கிறார்கள்? – வாசகர், மதுரை

பதில்: எழுத்துப் பிழை எல்லாம் ஒரே ஜாதி அல்ல. ஒரு வகை வடிகட்டிக்காக. ஸ்பேம் வடிகட்டி சொற்களைப் பார்த்து மதிப்பெண் போடுகிறது என்பதால், ‘லோன்’ என்ற சொல்லில் ஆங்கில ‘ஓ’வுக்குப் பதில் சுழியம் போடுவார்கள். அல்லது ரஷ்ய எழுத்தான ‘ஓ’வைப் போடுவார்கள், கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எழுத்துகளுக்கு நடுவே அகலமே இல்லாத இடைவெளியைச் செருகுவதும் உண்டு.

இன்னொரு வகை ஆள் பொறுக்குவதற்காக. செத்துப்போன கோடீஸ்வரரின் பணத்தில் பங்கு தருகிறேன் என்று நைஜீரியாவிலிருந்து வரும் கடிதம் ஏன் ‘நைஜீரியா’ என்றே சொல்லிக்கொண்டு வருகிறது? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012-இல் கொடுத்த விளக்கம் இது: அனுப்ப செலவில்லை, ஆனால் பதில் போடுகிற ஒவ்வொருவரோடும் வாரக்கணக்கில் பேசுவதுதான் செலவு. பாதியில் விழித்துக்கொள்ளும் ஆளோடு பேசி நேரம் வீணாகக் கூடாது. ஆகவே படித்ததும் சிரிக்கிறவரை முதல் மெயிலிலேயே கழித்துவிடுகிறார்கள். நாம் சிரித்து அழித்தால் அவர்களுக்கும் லாபம்தான்.

இந்த இரண்டிலும் சேராத, நல்ல ஆங்கிலத்தில் வரும் மெயில்தான் ஆபத்தானது. பிழையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்ப வேண்டாம்.

கேள்வி: சப்ஜெக்ட்டிலேயே என் பாஸ்வேர்டு இருந்தது! என் கேமராவில் படம் பிடித்திருப்பதாகவும், பிட்காயின் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்புவதாகவும் மிரட்டல். – பெயர், ஊர் வேண்டாம்

பதில்: பணம் அனுப்பாதீர்கள், பதிலும் போடாதீர்கள். 2018 முதல் இந்த அச்சில் வார்த்த மெயில் உலகம் முழுக்க மொத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது. படம் எதுவும் இல்லை. அவரிடம் இருப்பது எப்போதோ ஏதோ ஓர் இணையதளத்திலிருந்து கசிந்த பட்டியல், அதில் உங்கள் முகவரியும் பாஸ்வேர்டும் ஒரு வரி. அந்தப் பாஸ்வேர்டு பல வருடப் பழையதாக இருக்கும், பாருங்கள். எந்தக் கசிவில் போனது என்பதை ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ என்ற இலவசத் தளத்தில் மெயில் முகவரியை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். அதே பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் இருக்கிறதோ, மெயில் கணக்கில் தொடங்கி எல்லாவற்றிலும் இன்றே மாற்றுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். சில மெயில்கள் உங்கள் முகவரியிலிருந்தே வந்தது போலவும் இருக்கும், ‘உன் கணக்குக்குள் இருக்கிறேன்’ என்று நிரூபிக்க. அதுவும் மேலே சொன்ன உறைக் கதைதான்.

கேள்வி: ‘அன்சப்ஸ்கிரைப்’ அழுத்தலாமா, கூடாதா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் பொருள் வாங்கிய கடை, பதிவு செய்த செய்திமடல் என்றால் அழுத்தலாம். யாரென்றே தெரியாதவர் என்றால் ‘ரிப்போர்ட் ஸ்பேம்’. அழுத்துவதாக இருந்தாலும் மெயிலின் அடியில் இருக்கும் சுட்டியை விட, அனுப்பியவர் பெயருக்குப் பக்கத்தில் ஜிமெயிலே காட்டும் ‘அன்சப்ஸ்கிரைப்’ பாதுகாப்பானது.

கேள்வி: முதல் ஸ்பேம் எது? – மாணவர், நாகர்கோவில்

பதில்: 1978 மே 3. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் சந்தைப்படுத்தல் பிரிவைச் சேர்ந்த கேரி துயர்க், புதிய கணினிகளின் அறிமுகக் காட்சிக்கு வரச்சொல்லி இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே மெயில் அனுப்பினார். முகவரிகள் ‘டு’ கட்டத்தில் கொள்ளாமல் வழிந்து மெயிலின் உடலுக்குள்ளேயே இறங்கிவிட்டன.

கேள்வி: இதை எல்லாம் பார்த்து யாராவது வாங்குவார்களா? – வாசகர், சேலம்

பதில்: 2008-இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிறர் கணினிகளைக் கைப்பற்றி ஸ்பேம் அனுப்பும் ஸ்டார்ம் என்ற வலைப்பின்னலின் ஒரு பகுதிக்குள் புகுந்து எண்ணிப் பார்த்தார்கள். 26 நாள், ஏறக்குறைய 35 கோடி மருந்து விளம்பர மெயில், வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். அனுப்ப மற்றவர்களின் கணினியும் மின்சாரமும் இருப்பதால் 28 பேரே போதும்.

கேள்வி: வருமான வரி ரீஃபண்டு என்று வந்த மெயிலில் சுட்டியை அழுத்தி, மெயில் பாஸ்வேர்டையும் கார்டு எண்ணையும் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது? – வாசகர், ஈரோடு

பதில்: கணக்கு தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் இது வரும். துறை, வருமான வரித் தளத்தில் நீங்கள் முன்பே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்கில் ரீஃபண்டைப் போடும், கார்டு எண் கேட்காது.

முதலில் வங்கியை அழைத்து கார்டை முடக்குங்கள். அழைக்கும் எண்ணை அந்த மெயிலிலிருந்து எடுக்காமல் கார்டின் பின்புறத்திலிருந்து எடுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள். நாளை என்று வைத்தால் பணம் நாலு கணக்கு தாண்டிப் போய்விடும், நிறுத்தி வைக்க முடியாது. பிறகு மெயில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறுங்கள்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று: ஜிமெயில் செட்டிங்ஸில் ‘ஃபில்டர்ஸ்’ பக்கத்தையும் ‘ஃபார்வர்டிங்’ பக்கத்தையும் பாருங்கள். உள்ளே வந்தவர், வங்கியிலிருந்து வரும் மெயில் எல்லாம் தனக்கு ஒரு நகல் போய் உங்கள் இன்பாக்ஸிலிருந்து அழியும்படி விதி எழுதி வைத்திருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயேதான் இருக்கும். நீங்கள் போடாத விதி எது இருந்தாலும் அழியுங்கள். மீட்பு ஃபோன் எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவைதானா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.