அமெரிக்க–மெக்சிகோ எல்லையருகே போலீசுக்கு நிற்காமல் வண்டியை ஓட்டினால் என்ன தண்டனை?

கேள்வி (சான் டியேகோ வாசகர்): எல்லைச் சோதனைச் சாவடியில் நிற்காமல் போவதற்கென்று தனிச் சட்டம் உண்டா?

பதில்: உண்டு. 1996ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் வழியாக, கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 18ஆம் தலைப்பில் 758ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. கூட்டாட்சி அமைப்பு நடத்தும் சாவடியிலிருந்து வாகனத்தில் தப்பிப் போவதும், துரத்துகிற அதிகாரிகளிடமிருந்து வேக வரம்பை மீறி ஓடுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்து நிரூபிக்கப்பட்டால், ஐந்தாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். துரத்தியது உள்ளூர் போலீசாக இருந்தாலும் இப்பிரிவு பொருந்தும்.

கேள்வி (டெக்சாஸ் மாநில லரேடோ வாசகர்): அப்படியானால் வேக வரம்புக்குள் ஓட்டினால் தப்பிக்கலாமா?

பதில்: 758ஆம் பிரிவிலிருந்து தப்பலாம், டெக்சாஸ் சட்டத்திலிருந்து தப்ப முடியாது. அம்மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 38.04ஆம் பிரிவில் வேகம் ஒரு நிபந்தனையே அல்ல. போலீஸ் என்று தெரிந்தே நிற்காமல் போனதுதான் குற்றம். வாகனத்தில் தப்ப முயன்ற குற்றம் மூன்றாம் நிலைக் கடுங்குற்றமாகத் தீர்மானிக்கப்பட்டால், 2 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். மாநிலமும் கூட்டாட்சியும் ஒரே ஓட்டத்துக்காகத் தனித்தனியே வழக்குத் தொடரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் கேம்பிள் வழக்கில் மீண்டும் உறுதி செய்தது.

கேள்வி (எல் பாசோ வாசகர்): காரணமே இல்லாமல் என்னை நிறுத்த முயன்றால், நிற்காமல் போவது என் உரிமை இல்லையா?

பதில்: இந்த எண்ணம்தான் பலரைச் சிறைக்கு அனுப்புகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நிலையான சாவடியில் சந்தேகம் எதுவுமின்றியே வண்டியை நிறுத்திச் சில கேள்விகள் கேட்கலாம் என்று 1976இல் மார்ட்டினெஸ்-ஃபுவெர்ட்டே வழக்கில் தீர்ப்பானது. அவ்வழக்கில் ஆராயப்பட்டவற்றுள் ஒன்றான சான் கிளெமென்ட்டே சாவடி எல்லையிலிருந்து 66 மைல் வடக்கே இருக்கிறது. ரோந்து வண்டி நிறுத்துவதானால் நியாயமான சந்தேகம் வேண்டும். மெக்சிகோ வம்சாவளித் தோற்றம் மட்டும் போதாது என்று 1975இல் பிரிக்னோனி-போன்செ வழக்கு சொன்னது. அந்தச் சந்தேகம் இருந்ததா என்பதை நீதிபதி பிறகுதான் முடிவு செய்வார். ஹைவேயில் அது உங்களுக்குத் தெரிய வழியில்லை. நின்றவருக்கு, நிறுத்தியது சட்டவிரோதம் என்று வாதாடி, கிடைத்த சாட்சியத்தை விலக்கக் கோரும் வழி இருக்கிறது. ஓடியவரோ 1991இல் வந்த ஹோடாரி தீர்ப்பின்படி, போலீசுக்கு அடங்கும்வரை பிடிக்கப்பட்டவராகவே கருதப்படுவதில்லை. ஆகவே, ஓடும்போது அவர் ஜன்னல் வழியே எறிந்த பொட்டலம் அவருக்கு எதிரான சாட்சியமாகிவிடும். வலுவான தற்காப்பு கையில் இருந்தவர்கள்கூட ஆக்சிலேட்டரை மிதித்த அந்தக் கணத்தில் அதை இழந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கேள்வி: குடியேற்ற அனுமதி இல்லாதவர்களை வண்டியில் ரகசியமாக ஏற்றிச் சென்றிருந்தால்?

பதில்: அப்போது ஓட்டம் துணைக் குற்றமாகிவிடும்; முதன்மையானது 8ஆம் தலைப்பின் 1324ஆம் பிரிவு. ஒவ்வோர் ஆளுக்கும் தனிக் கணக்கு. பணத்துக்காக ஏற்றிச் சென்றால் பத்தாண்டு வரை, உயிருக்கு ஆபத்து விளைவித்தால் இருபதாண்டு வரை, யாராவது இறந்தால் ஆயுள் அல்லது மரண தண்டனை வரை போகும். துரத்தலில் கவிழும் வண்டிகளில் சாகிறவர்கள் பெரும்பாலும் ஸ்டியரிங்கைத் தொடாத பயணிகள். சட்டம் இங்கே கடுமையாக இருப்பது நியாயமே.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். தண்டனை சிறியதானால் ஒப்புக்கொண்டு முடித்துவிடலாமா?

பதில்: குடியேற்ற விளைவுகளைக் கேட்டறியாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டென்றால், அதைக் கட்சிக்காரரிடம் சொல்வது குற்றவியல் வழக்கறிஞரின் கடமை என்று 2010இல் படில்லா வழக்கில் தீர்ப்பானது. அந்த ஆலோசனையை வற்புறுத்திக் கேளுங்கள்.

கேள்வி: கலிஃபோர்னியாவில் இரவில் ஆளரவமற்ற சாலை, பின்னால் வருவது போலீஸ்தானா என்று தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மாநில வாகனச் சட்டத்தின் 2800.1ஆம் பிரிவின்படி குற்றமாக வேண்டுமானால், எரியும் சிவப்பு விளக்கு, தேவைக்கேற்ற சைரன், அடையாளமிட்ட வண்டி, சீருடை அணிந்த அதிகாரி ஆகிய நான்கும் வேண்டும். அதோடு தப்பும் நோக்கமும் நிரூபிக்கப்பட வேண்டும். வேகத்தைக் குறைத்து, ஹசார்ட் விளக்கைப் போட்டு, 911ஐ அழைத்து உங்கள் இருப்பிடத்தைச் சொல்லியபடியே வெளிச்சமுள்ள அடுத்த இடத்தில் நிறுத்துங்கள். தப்பும் நோக்கம் இல்லையென்பதற்கு அந்த அழைப்பின் பதிவு நல்ல ஆதாரமாக இருக்கும்.